கூதிர்கால நாட்குறிப்பு

அக்டோபர் 24, 2024

மூன்றாவது ஊசி. மருந்து ஏறத் தொடங்கிய கால்மணி நேரத்தில், "இங்க உட்கார்ந்து சொட்டை எண்ணிக்கிட்டிருக்காதீங்க, போய் நாலு படம் பிடிச்சிட்டு வாங்க" என்று வழக்கம்போல என் மனைவி என்னைத் துரத்திவிட்டாள். மூன்று மணி நேரம் கையில் இருந்ததால் பூமலைக்குப் போனேன். பலகையில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா என்று எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது இன்னும் பூமலைதான். குளிரூட்டிய ரயிலைவிட்டு இறங்கிய கையோடு பையைத் திறந்தது என் முட்டாள்தனம். வெளிக்காற்றின் ஈரம் வில்லையின் மேல் பாலாடைபோலப் படிந்தது. துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. பையை மூடியபடியே வைத்திருந்து வெளிச்சூட்டுக்குப் பழக்க வேண்டும் என்பது இருபது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த செய்தி. இப்போதெல்லாம் தெரிந்தவைதான் முதலில் மறந்துபோகின்றன.

அங்கே மழைக்காடு ஏறத்தாழ ஆறு ஹெக்டேர்தான். ஆனால் 1859இல் தொடங்கிய பூங்காவைவிட அந்தக் காட்டுக்கு வயது அதிகம். முற்பகல் பதினொரு மணிக்கும் உள்ளே அந்தி வெளிச்சம்தான். கேமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200 வரை ஏற்றியும் அறுபதில் ஒரு நொடிக்கு மேல் வேகம் கிடைக்கவில்லை. ஓர் அணிலின் வால் மட்டும் தெளிவாக விழுந்தது.

அக்டோபர் 26

சீப்பு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அக்டோபர் 28

மகள் டொரோண்டோவிலிருந்து மேப்பிள் மரங்களின் படங்களை அனுப்பியிருக்கிறாள். இலைகள் முக்கால்வாசி கொட்டிவிட்டனவாம். காலையில் புல்மேல் உறைபனி இருக்கிறதாம். அம்மாவுக்குக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தாள். காட்டினேன். "நம்ம ஊர்ல இலையுதிர்காலம் எப்பங்க?" என்று அவள் கேட்டாள். மேப்பிளுக்கு நாள் குறுகுவது தெரியும். குறுகக் குறுகப் பச்சையம் சிதைந்து, அடியில் இருந்த மஞ்சள் வெளிப்படும், சிவப்பு புதிதாகச் சுரக்கும். இந்தத் தீவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்பது நிமிடம் போலத்தான். ஒன்பது நிமிடத்தைக் கண்டு எந்த மரம் பயப்படும் என்றேன். அவள் சிரிக்கவில்லை, சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

எங்கள் புளோக்கின் வாகன நிறுத்துமிடத்து ஓரத்தில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தை (கெத்தாப்பாங் என்பார் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா) ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் அதன் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். மேல்தட்டில் இரண்டு இலைகள் சிவந்திருந்தன. ஆண்டுக்கு இரண்டு முறைபோல அது சிவந்து கொட்டும். எந்தத் தேதிக்கும் கட்டுப்பட்டதில்லை. மகள் அனுப்பிய நாற்பது படங்களைவிட அந்த இரண்டு இலைகளை அவள் நெடுநேரம் பார்த்தாள். நாளை முதல் தினமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், அந்த மரத்தை ஒரு படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 31

தீபாவளி. உடல்வெப்பம் காலையில் 37.4, மாலையில் 37.7. 38ஐத் தொட்டால் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகாத முதல் தீபாவளி. மரம்: ஐந்து இலைகள்.

நவம்பர் 1

36.9.

நவம்பர் 5

தூக்கம் வராத இரவுகளில் அவள் ஊர்க்கதை சொல்கிறாள். நேற்று ஆறுமணிக்குருவியைப் பற்றிச் சொன்னாள். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக் கொல்லையில், ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கிருந்தோ வந்து இறங்குமாம். காலை ஆறு மணிக்கு ஒரு கூவல், மாலை ஆறு மணிக்கு ஒரு கூவல். அவளுடைய அப்பாயி அதைக் கேட்டுத்தான் விளக்கேற்றுவாராம். சிங்கப்பூரில் அது இல்லையா என்று கேட்டாள்.

அந்த இந்தியக் குருவி இங்கே வருவதில்லை. ஆனால் அதன் உறவுக்காரப் பறவையான நீலச்சிறகு ஆறுமணிக்குருவி, தாய்லாந்து, மியன்மார், இந்தோசீனப் பக்கங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, இதே மாதங்களில் இரவோடு இரவாகத் தெற்கே பறக்கும்போது இந்தத் தீவிலும் இறங்குகிறது. இதைச் சொன்னதுதான் தாமதம், "அப்ப எனக்கு அதை ஒரு படம் எடுத்துட்டு வாங்க" என்றாள். இங்கே காலை ஆறு மணிக்குக் கும்மிருட்டு, சூரியன் வரவே ஆறே முக்கால் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். "குருவிக்கு அது தெரியாது" என்றாள்.

நவம்பர் 6, 7, 8

மூன்று நாளும் பூமலை. மூன்று நாளும் இல்லை. மரம்: பதினொன்று, பதினான்கு, இருபதுக்கு மேல்.

நவம்பர் 9

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது; கை இன்னும் நடுங்குகிறது.

காலை ஏழு மணிக்குக் குப்பை கொட்டக் கீழே போனபோது, எதிர்ப் புளோக்கின் மின்தூக்கி அருகில், கண்ணாடிச் சுவரின் அடியில் ஒரு பச்சைத் துணி கிடப்பதாக நினைத்தேன். குனிந்தபோது துணி கண்ணைத் திறந்தது. கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல ஒரு கருங்கோடு, வெண்மையான தொண்டை, சந்தனம் பூசிய நெஞ்சு, பச்சை முதுகு, தோளில் யாரோ நீல மையைக் கொட்டிவிட்டதுபோன்ற ஒரு நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இரவில் பறந்து வந்தது விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதியிருக்க வேண்டும். இந்த மாதங்களில் இது அடிக்கடி நடக்கிறது; இறந்து கிடப்பவற்றைப் பற்றித் தெரிவித்தால் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் ஆய்வுக்கு வாங்கிக்கொள்கிறார்கள். இது இறக்கவில்லை. அலகு சற்றே திறந்திருக்க, முழு உடம்பும் மூச்சாக ஏறி இறங்கியது.

வீட்டிலிருந்து செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து, மூடியில் துளையிட்டு, பழைய துண்டை விரித்து அதில் வைத்தேன். தண்ணீர் புகட்டக் கூடாது. இருட்டும் அமைதியும்தான் மருந்து. அவள் பறவைகளின் அருகே வரக் கூடாது என்பதால், முகக்கவசத்தோடு வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, நடைவழியின் கோடியில் இருந்த பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. பிறகு பெட்டிக்குள் ஒரு தட்டல் கேட்டது, இன்னொன்று. புளோக்கின் பின்புறப் புதருக்கு எடுத்துச் சென்று மூடியைத் திறந்தேன். அது விளிம்பில் ஏறி நின்றது. நான்கு நொடி இருக்கும். பிறகு தாழப் பறந்து புதருக்குள் போய்விட்டது.

பதினான்கு படங்கள் எடுத்திருக்கிறேன். பதினான்கிலும் குவியம் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அளவுச் சீட்டில் விழுந்திருக்கிறது. "9" என்ற எண் அற்புதமாகத் தெளிவாக இருக்கிறது. அதன் பின்னால் ஒரு பச்சைப் புகை. அவளிடம் காட்டினேன். "பரவாயில்லை, உங்க செருப்பு சைஸாவது இனிமே மறக்காது" என்றாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

நவம்பர் 14

வெள்ளணுக்கள் போதவில்லை. ஊசியை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். மரத்தைப் படம் எடுக்க மறந்தேன்.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்துவிட்டது. தங்கை வந்து அவளோடு இருந்ததால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனேன். முழுநிலவு கழிந்த மறுநாள் என்பதால் ஓதம் பெரியது. கடல் ஏறிச் சேற்றுவெளி மூழ்கும்போது, இரை தேடிக்கொண்டிருந்த பறவைகள் எல்லாம் உள்குளங்களுக்கு ஒதுங்கும். பழைய இறால் பண்ணைக் குளங்களான அவற்றின் நீர்மட்டத்தை மதகுகளைக் கொண்டு தாழ்த்தி வைத்திருப்பார்கள். மறைவுக் குடிலின் பலகைத் துளை வழியாகப் பார்த்தால் பவளக்காலிகள் ஒற்றைக் காலில் வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தன. சைபீரியத் துந்திரத்திலிருந்து வந்த பொன் உப்புக்கொத்திகள் நடுவில். ஒரு பறவை தலையைத் திருப்ப, அந்த அசைவு வரிசை முழுக்க ஓடி அடங்கியது. ஒரு படமும் எடுக்காமல் ஒரு மணி நேரம் இருந்தேன்.

நவம்பர் 19

அடைமழை. வில்லைக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைக்காமல் மூன்று வாரம் மேசையிலேயே கிடந்ததன் விளைவு. கைவிளக்கை அடித்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு நூல், அதிலிருந்து கிளைக்கும் இன்னும் மெல்லிய நூல்கள். கடைக்காரர் பிரித்துத் துடைத்துவிடலாம் என்றார். மேற்பூச்சை அரித்திருந்தால் தழும்பு இருக்கும் என்றார். திரும்பவும் வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். இந்தப் பதிலை நான் வேறோர் இடத்திலும் கேட்டுவிட்டேன். 120 வெள்ளி.

நவம்பர் 21

எண்ணிக்கை ஏறியிருக்கிறது. நான்காவது ஊசி ஏறியாயிற்று. துரத்தவில்லை, நானும் போகவில்லை.

நவம்பர் 25

இரவு மழையில் நாட்டு வாதுமை மொத்தமாகக் கொட்டிவிட்டது. துப்புரவு ஊழியர் வாருவதற்குள் கீழே ஓடி, ஓர் இலையை எடுத்துவந்தேன். உள்ளங்கையைவிடப் பெரியது, காம்புப் பக்கம் மதுவின் சிவப்பு, நுனிப் பக்கம் மஞ்சள், நடுநரம்பின் இருபுறமும் விடாப்பிடியாக ஒரு பச்சை, ஒரு பூச்சி கடித்த ஓட்டை. நன்றாகக் கழுவித் துடைத்துத்தான் அவள் கையில் கொடுத்தேன். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். அதைப் படம் எடுத்தேன், கைப்பேசியில்தான். வில்லை இன்னும் கடையில் இருக்கிறது.

டிசம்பர் 2

வில்லை வந்துவிட்டது. தழும்பு இல்லை. மரத்தின் கிளை நுனிகளில் பச்சை மொட்டுகள். இவை விரிய எத்தனை நாள் ஆகும் என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 4

நாளை காலை 9.20க்கு ஸ்கேன். பூமலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். மழைக்காட்டில் நேற்று நீலச்சிறகைப் பார்த்ததாக நண்பர் ஒருவர் சொன்னார். ஆறு மணிக்கு அங்கே இருந்தால், எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். தானும் வருவதாக அவள் சொல்கிறாள். இருட்டாக இருக்குமே என்றேன். தொப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.