ஸ்கூல் டிராப்புக்கு டீசல் கார் வேண்டாம்

அப்பாவின் 2003 டொயோட்டா குவாலிஸ், அதுவும் டீசல்தான், இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது, நான்கு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பக்கத்தில் என் 2021 டீசல் கார். இரண்டில் எது நல்ல வண்டி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?

போன வருஷம் நான்கு மாதம் என் கார் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரும் மூன்று கிலோமீட்டரைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஒருநாள் காலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் வண்டி இழுக்கவே இல்லை, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 40க்கு மேல் போகாது. சர்வீஸில் டிப்ஸ்டிக்கை, அதான் இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, உருவிக் காட்டினார்கள். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது, முகர்ந்தால் டீசல் வாடை.

நடந்தது இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் சைலன்சர் லைனில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டுக்காகக் காரின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். மூன்று கிலோமீட்டரில் அது முடியாது, பாதியில் நான் இன்ஜினை அணைக்க அணைக்க, கரி எரியவில்லை, மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிட்டது.

குவாலிஸில் இந்தத் தொல்லை கிடையாது. 2.4 லிட்டர், டர்போ இல்லை, பம்ப் முழுக்க மெக்கானிக்கல். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் திக்கும், வடித்துவிட்டுக் கை பம்பை அடித்தால் கிளம்பிவிடும். டீசலைத் தெளிக்கும் நாசில் தேய்ந்தால் கரும்புகை சொல்லிவிடும், நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்குப் பஞ்சமா, ஒரே பகலில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதுவும் கவனிப்பு கேட்கிற வண்டிதான். இன்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், அப்பா ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரை ஏர் ஃபில்டர் டப்பாவின் மேல் பெயின்டால் எழுதி வைப்பார். அந்தப் புகையை மட்டும் நான் நியாயப்படுத்த மாட்டேன், பின்னால் பைக்கில் வருகிறவர்தானே அதைச் சுவாசிக்கிறார்.

இப்போது ஸ்கூலுக்கு ஸ்கூட்டர். கரி எரியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காரைச் சேலம் ரோட்டில் இருபது முப்பது நிமிஷம் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வருகிறேன். ஆயில், டிபிஎஃப்புக்கென்று கம்பெனி சொல்லும் கிரேடு மட்டும்தான், சாதாரண ஆயிலின் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது, டிபிஎஃப்பிலேயே தங்கிவிடும். டீசல் ஃபில்டரையும் தள்ளிப்போடுவதில்லை. ஆயிரம் பாருக்கும் (bar) மேலான அழுத்தத்தில் வேலை செய்கிற இன்ஜெக்டருக்குத் துளி தண்ணீரும் ஆகாது.

அப்புறம் ஒன்று. செகண்ட் ஹேண்டில் பிஎஸ்6 டீசல் பார்க்கப் போனால், குறைவாக ஓடியிருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். டவுனுக்குள்ளேயே 15,000 ஓடிய வண்டியைவிட, ஹைவேயில் 80,000 ஓடி, சர்வீஸ் பில் எல்லாம் வைத்திருக்கிற வண்டியைத்தான் நான் எடுப்பேன்.