தொப்பூர் கணவாயில் அப்பாவுடன்

போன மாதம் அப்பாவைத் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன, ஓரம் கட்ட இடமில்லை, பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. "உனக்குத்தான் கஷ்டம் சாமி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போதெல்லாம் பேன்ட் போடுவதில்லை, லுங்கிதான், மாற்றுவது சுலபம். பெரியவர்களுக்கான டயப்பர், சீட்டில் விரிக்க ஷீட், ஈரத்துணி, மாற்று லுங்கி இரண்டு, மறைப்புக்குப் போர்வை. அவர் கேட்காவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திவிடுகிறேன். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் வந்தால் அவசரம் கூடத்தான் செய்யும். நீர் பிரியும் மாத்திரையைப் பயண நாளில் எப்போது கொடுப்பது என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

அப்புறம், நனைந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும். துணி மாற்றும்போது நான் தோப்பைப் பற்றி, மாங்காய் விலையைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்பாவும் பதில் சொல்லிக்கொண்டே வருவார்.