புரூக்ளின் டெக்: இடம் கிடைத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

நியூயார்க் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை ஏழாம் வகுப்பைத் தொட்டதும் ஸ்பெஷலைஸ்டு ஹைஸ்கூல், அதாவது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகள், அவற்றுக்கான தேர்வைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். எந்தக் கோச்சிங் நல்லது, எத்தனை மார்க்குக்கு எந்தப் பள்ளி என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே போன பிறகு நான்கு ஆண்டுகளை எப்படி நடத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தப் பள்ளிகளில் ஒன்றான புரூக்ளின் டெக்னிகல் ஹைஸ்கூலில் படித்து முடித்தவள் என்ற முறையில் அதைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகர எல்லைக்குள் வசிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம். மூன்று மணி நேரம், ஆங்கிலத்தில் 57 கேள்வி, கணக்கில் 57 கேள்வி. 2025 முதல் கணினியில் நடக்கிறது. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அதனால் எந்தக் கேள்வியையும் விடை எழுதாமல் விடாதீர்கள். நம் வீடுகளில் கணக்குக்கு ஓடுகிற ஓட்டம் ஆங்கிலத்துக்கு இருப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே எடை என்பதை மறந்துவிடக் கூடாது. கல்வித்துறையே மாதிரித் தேர்வுகளோடு இலவசக் கையேடு வெளியிடுகிறது, முதலில் அதை முடியுங்கள்.

பள்ளிகளை விருப்ப வரிசையில் குறிக்கச் சொல்வார்கள். அதிக மார்க் எடுத்தவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவருக்கும் அவர் பட்டியலில் இன்னும் இடம் மிச்சமுள்ள முதல் பள்ளியைக் கொடுப்பார்கள். ஆகவே உண்மையிலேயே ஆசைப்படும் பள்ளியைத் தயங்காமல் முதலில் போடலாம். அது கிடைக்காவிட்டாலும் இரண்டாவது பள்ளிக்கான வாய்ப்பு குறையாது. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. 1922இல் தொடங்கிய பள்ளி, இன்று ஏறக்குறைய 6,000 மாணவர்கள். அரங்கத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், அப்படியும் பள்ளி முழுவதும் ஒரே நேரத்தில் அதில் அடங்காது. மணி அடித்ததும் மாடிப்படிகளில் கூட்டம் நெருக்கியடிக்கும். நடுநிலைப் பள்ளியில் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த பிள்ளையாக இருந்தவர்களுக்கு முதல் மாதம் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும். இவ்வளவு பெரிய இடத்தில் உதவி தாராளமாக இருக்கிறது. ஆனால் அது உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் கேட்டுப் போக வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் இயற்பியல் ஆசிரியை. பள்ளி முடிந்ததும் டியூட்டரிங் நேரத்தில் போய், “இந்தப் பாடம் புரியவில்லை, மிஸ்” என்றேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, “எந்த வரி வரைக்கும் புரிந்தது? அங்கே ஒரு கோடு போடு” என்றார். சாய்தளத்தில் ஒரு பெட்டி சறுக்குகிற கணக்கு அது. விசையைப் பிரிக்கிற இடத்தில் கோடு போட்டேன். அவர் விளக்கியது அந்த ஒரு வரியை மட்டும்தான், மீதி தானாக வந்தது. அதற்குப் பிறகு எந்த ஆசிரியரிடம் போனாலும் கோடு போட்ட தாளோடுதான் போவேன். அப்படிப் போகிற பிள்ளைக்கு ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு நேரம் கொடுப்பார்கள். பெயரும் அவர்கள் மனதில் பதிந்துவிடும்.

பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது மார்க் சேரும் முறை. நம்மூர் பிளஸ் டூ மாதிரி கடைசியில் ஒரே பொதுத்தேர்வு எழுதித் தலையெழுத்தை மாற்றுவது இங்கே நடக்காது. வீட்டுப்பாடம், சின்னச் சின்னத் தேர்வுகள், லேப் அறிக்கை, வகுப்பில் பேசுவது எல்லாம் சேர்ந்துதான் மார்க். ஒன்பதாம் வகுப்பு மார்க்கும் கல்லூரி பார்க்கும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மொத்த மதிப்பெண் பதிவில் இருக்கும். ரீஜெண்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வுகளில் 65 எடுத்தால் தேர்ச்சி, டெக் பிள்ளைகளுக்கு அது பெரிய பாடு இல்லை. தினசரி வேலையைத் தள்ளிப்போடுவதுதான் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் கீழே இழுக்கிறது.

தொடக்கத்திலிருந்தே மார்க்கைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. டெக்கில் கல்லூரி போலவே மேஜர், அதாவது சிறப்புப் பாடத்துறை இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தேர்ந்தெடுத்து, கடைசி இரண்டு ஆண்டுகள் அதைப் படிக்க வேண்டும். மென்பொருள், விமானப் பொறியியல், கட்டடக்கலை, உயிரியல், சட்டமும் சமூகமும் என்று பல துறைகள். எல்லாரும் விரும்பும் மேஜருக்கு மார்க்கும் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மென்பொருள் எடுத்தான் என்பதற்காக நீங்களும் எடுக்காதீர்கள். தொடக்கத்திலேயே டிடிபி என்று வரைகலைப் பாடம் வரும். ஒரு பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்று அளவு பிசகாமல் வரைய வேண்டும், பிறகு அதையே கணினியில் செய்ய வேண்டும். அந்த வகுப்பில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அப்போதே புரிந்துவிடும்.

நண்பர்கள் கிடைப்பது கிளப்பில்தான். ரோபாட்டிக்ஸ், விவாதம், நாடகம், நீச்சல் என்று எதில் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் ஒன்றிலாவது நிலையாக இருங்கள். பத்துக் கிளப்பில் பெயர் கொடுப்பதை விட ஒன்றில் பொறுப்பெடுத்து நடத்துவது கல்லூரி விண்ணப்பத்திலும் எடுபடும்.

அன்றாட விஷயங்கள் சில. நகரத்தின் குயீன்ஸ் பகுதிப் பிள்ளைகள் பலர் ஏழாம் எண் ரயிலில் வந்து, கோர்ட் ஸ்கொயரில் ஜி ரயிலுக்கு மாறி, ஃபுல்டன் ஸ்ட்ரீட்டில் இறங்குவார்கள். பயணமே ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம், ஆகவே தூக்கத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான மாணவர் ஆம்னி கார்டில் ஒரு நாளைக்கு நான்கு பயணம் இலவசம். மதிய உணவும் இலவசம், சைவமும் இருக்கும். 2025 செப்டம்பர் முதல் மாநிலச் சட்டப்படி பள்ளி நேரத்தில் கைப்பேசி கூடாது. தீபாவளிக்கு நகரப் பள்ளிகள் விடுமுறை விடுகின்றன. நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது இது, 2024இல்தான் முதன்முறையாக வந்தது.

கல்லூரிப் பரிந்துரைக் கடிதத்தைப் பதினோராம் வகுப்பு முடிவதற்குள் இரண்டு ஆசிரியர்களிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம் போனால் அவர்களுக்கு நெருக்கடியாக இருக்கும். கேட்கும்போது அவர்கள் வகுப்பில் நீங்கள் செய்த ஒன்றிரண்டு வேலைகளைக் குறிப்பெழுதிக் கொடுங்கள். பள்ளியில் வழிகாட்டும் ஒவ்வொரு கவுன்சலரிடமும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவ்வப்போது போய்ப் பேசிவிட்டு வந்தால்தான் அவர் உங்களைப் பற்றி எழுத ஏதாவது இருக்கும்.

அம்மா அப்பாவுக்கு ஒன்று. ஆசிரியர் சந்திப்புக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று போகாமல் இருக்காதீர்கள். முன்கூட்டியே சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்து தரக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பிள்ளையையே மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.