பெயருக்கு முன்னால் டாக்டர்

ருமேனியாவின் க்ளுஜ்-நபோகா நகரத்தில், ரயில் நிலையத்துக்கு மேலே க்ரூயா என்று ஒரு குன்றுப் பகுதி. அங்கே ஒரு கால்பந்து மைதானம். பெயர், டாக்டர் கான்ஸ்டன்டின் ரடுலெஸ்கு ஸ்டேடியம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பார்த்ததும் நம்மூர்க்காரருக்கு முதலில் தோன்றுவது கௌரவப் பட்டம்தான். அங்கி, மாலை, ஆளுயரக் கட்அவுட் எல்லாம் கண்முன் வந்து போகும். ரடுலெஸ்கு அந்த வகை டாக்டர் அல்ல. பந்து ஆடியவர், மருத்துவம் படித்தவர், இந்த மைதானத்தில் ஆடும் சி.எஃப்.ஆர். க்ளுஜ் அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவர்.

நான் இந்த ஊரில்தான் மருத்துவம் படித்தேன். இப்போது ஒரு கிளினிக்கில், அடிபட்ட ஆட்டக்காரர்களைத் திரும்ப ஓட வைக்கும் பிரிவில் வேலை. வார இறுதிகளில் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களின் ஆட்டங்களுக்கு மைதான டாக்டராகப் போவேன். பணம் கொஞ்சம், குளிர் நிறைய. அந்த வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ரடுலெஸ்குவைப் பற்றி யோசிக்கவே தோன்றியது. பயிற்சியாளரும் டாக்டரும் ஒரே ஆளாக இருப்பது எப்படி? நான் பார்த்தவரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் எதிரெதிர்க் கட்சி.

சி.எஃப்.ஆர். என்பது ருமேனிய ரயில்வேயின் சுருக்கப் பெயர். இந்த நகரம் ஹங்கேரியின் ஆட்சியில் கோலோஷ்வார் என்ற பெயரில் இருந்தபோது, 1907-ல் ரயில்வேக்காரர்கள் தொடங்கிய கிளப் அது. ரடுலெஸ்குவின் பயிற்சியில் 1969-ல் முதல் பிரிவுக்கு ஏறியது. ஏறிய கையோடு இறங்கியிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது. 1972-73-ல் ஐந்தாம் இடம். 1976-ல் கீழே போனது, மறுபடி மேலே வர 2004 ஆனது. அப்புறம் ஒரே வேகம். 2008-ல் முதல் லீக் பட்டம். அதே செப்டம்பரில் இத்தாலியின் ரோமா அணியை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றது. இரண்டு வாரம் கழித்து க்ரூயாவில் இங்கிலாந்தின் செல்சி அணியை 0-0 என்று நிறுத்தியது. அன்று டிவியில் அந்த ஸ்டேடியத்தின் பெயரைக் கேட்டவர்களில் எத்தனை பேர் யார் இந்த டாக்டர் என்று தேடியிருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

இந்த ஊருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. சி.எஃப்.ஆரின் உள்ளூர் எதிரி பல்கலைக்கழக அணி. 1919-ல் மாணவர்கள் தொடங்கிய அந்தக் கிளப்பின் முதல் தலைவர் யூலியு ஹட்சியெகானு, மருத்துவப் பேராசிரியர். நான் படித்த பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்தான். சோமெஷ் ஆற்றங்கரையில் உள்ள பெரிய விளையாட்டுப் பூங்காவுக்கும் அவர் பெயர்தான். 1940-ல், ஜெர்மனியும் இத்தாலியும் சேர்ந்து சொன்ன வியன்னா தீர்ப்பின்படி, இந்த ஊர் இருக்கும் வட டிரான்சில்வேனியா ஹங்கேரிக்குப் போனபோது, பல்கலைக்கழகம் மூட்டை கட்டிக்கொண்டு சிபியு நகரத்துக்கு இடம் மாறியது. அணியும் கூடவே போனது, போர் முடிந்து கூடவே திரும்பியது. ஆக, ஒருவரையொருவர் திட்டிப் பாட்டுக் கட்டும் இரண்டு ரசிகர் கூட்டத்துக்கும் பின்னால் ஆளுக்கொரு டாக்டர்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் காகிதத்தில் தொழில்முறை விளையாட்டு என்பதே கிடையாது. ஆட்டக்காரர் ரயில்வே ஊழியராகவோ, ஆலைத் தொழிலாளியாகவோ, ராணுவத்தானாகவோ, மாணவராகவோ ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பல பேருக்கு அது பெயரளவு வேலை, கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் நிஜமாகவே படிக்க நினைத்தவனுக்கு அந்த ஏற்பாடு வழி விட்டது. காலையில் உடற்கூறு வகுப்பு, மாலையில் பந்து. இன்றைக்கு ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயதானதும் அகாடமி, ஏஜென்ட், ஒப்பந்தம் என்று ஆரம்பித்துவிடுகிறது. அவன் ஆறு வருட மருத்துவப் படிப்பை எந்த இடுக்கில் செருகுவான்?

சரி, மைதானத்துக்கு வருகிறேன்.

ஒரு பையன் கணுக்கால் திருகி விழுகிறான். நடுவர் கை காட்டினால்தான் நான் உள்ளே போகலாம். போனதும் ஷூவைக் கழற்றாமலே, காலுறையை இறக்கிவிட்டு, வெளிக்கணுக்கால் எலும்பின் பின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துவேன், நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேல் வரை. அப்புறம் உள்பக்கம் அதே மாதிரி. அப்புறம் பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலின் நேர்கோட்டில் நடுப்பாதத்தில் புடைத்து நிற்கும் எலும்பு. எலும்பின் மேல் வலி இல்லை, நாலு அடி எடுத்து வைக்க முடிகிறது என்றால் முறிவு அநேகமாக இல்லை. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-ல் வகுத்த முறை இது. ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்குள் கோட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்துவிடும்: “ஆடுவானா, மாட்டானா, டாக்டர்?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் என்னிடம் இருக்கும் பதில் அந்த அளவுக்குச் சுருக்கமாக இருக்காது. எலும்பு முறியவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது. கட்டுப் போட்டால் இன்று ஆடிவிடுவான், அடுத்த மாதம் அதே கால் மறுபடி திருகும். பயிற்சியாளருக்கு இன்னும் இருபது நிமிடம் ஓடினால் போதும். நான் கணக்குப் பார்ப்பது ஆறு வாரத்துக்கு.

தலையில் அடி என்றால் இந்த இழுபறி முற்றிவிடும். நவம்பர் மழையில் ஓர் ஆட்டம். கார்னர் பந்துக்கு எகிறிய இரண்டு பேரின் தலை மோதியது. எங்கள் பக்கத்துப் பையன் எழுந்து, உடையில் சேற்றைத் தட்டிவிட்டு, “ஒன்றுமில்லை, டாக்டர்” என்றான். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இது எந்த மைதானம்? சொன்னான். முதல் பாதியா, இரண்டாவதா? சொன்னான். கடைசி கோல் யார் போட்டது? யோசித்தான். கடைசி கோலைப் போட்டவனே அவன்தான், பத்து நிமிடத்துக்கு முன்னால். நான் மாற்று ஆளுக்குச் சைகை காட்டியதும் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார். “நிற்கிறான், பேசுகிறான், இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?” ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அவர் அன்று எனக்குக் கை கொடுக்கவில்லை. பையனின் அம்மா மட்டும் வந்து, ராத்திரி அவனை எத்தனை தடவை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

இந்தச் சண்டை பெரிய கிளப்களிலும் இதே மாதிரிதான். 2015 ஆகஸ்டில் செல்சி-ஸ்வான்சி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் செல்சி ஆட்டக்காரர் ஹஸார்ட் கீழே விழுந்தார். நடுவர் அழைத்தார், செல்சியின் டாக்டர் ஏவா கார்னெய்ரோவும் பிசியோவும் ஓடினார்கள். விதிப்படி, சிகிச்சை பெற்ற ஆட்டக்காரர் வெளியே போய்த்தான் திரும்ப வர வேண்டும். ஏற்கெனவே சிவப்பு அட்டையால் பத்துப் பேராக இருந்த செல்சி ஒன்பதாகச் சுருங்கியது. பயிற்சியாளர் மூரின்யோவுக்குக் கோபம், மருத்துவக் குழுவுக்கு ஆட்டம் புரியவில்லை என்கிற மாதிரி வெளிப்படையாகப் பேசினார். கார்னெய்ரோ வேலையை விட்டார், வழக்குப் போட்டார், மறு வருடம் கிளப் மன்னிப்புக் கேட்டு சமரசம் செய்துகொண்டது. நடுவர் கூப்பிட்டும் டாக்டர் போகாமல் நின்றிருந்தால் அது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை மட்டும் யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

ரடுலெஸ்கு மாதிரி ஓர் ஆள் பெஞ்சில் இருந்தால் இந்தத் தகராறு வெளியே கேட்காது. முழுக்க ஒரே மண்டைக்குள் நடக்கும். ஆரம்பத்தில் அது எனக்குப் பொறாமையாக இருந்தது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம், தானே முடிவெடுக்கலாம். இப்போது அப்படி நினைப்பதில்லை. எவ்வளவு நல்ல டாக்டராக இருந்தாலும், 1-1 என்று நிற்கும் ஆட்டத்தில், தன் அணியின் சிறந்த பையனின் கணுக்காலை அழுத்தும்போது விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் அழுத்தும். எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆட்ட நாளில் இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குள் சண்டையும் வேண்டும்.

ஆனால் பயிற்சி நடக்கும் செவ்வாய்க்கிழமைகளில் ரடுலெஸ்குவைப் போன்ற ஆள்தான் வேண்டும். எங்கள் கிளினிக்குக்கு வரும் பின்தொடைத் தசைக் கிழிசல்களில் பல, சனிக்கிழமை ஆட்டத்தில் கிழிந்தாலும், அதற்கு முந்தைய பயிற்சிகளில் தயாரானவை. பரீட்சை வாரம், சரியான தூக்கமில்லை, அதன் மேல் தோற்றதற்குத் தண்டனையாகப் பத்து ஸ்ப்ரின்ட். யார் யாரை எவ்வளவு ஓட வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் அந்த அறையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. கிழிந்த பிறகு கூப்பிடுவார்கள். உடம்பு படித்தவர் பயிற்சித் திட்டம் போடுவது என்பது, டாக்டரின் பேச்சு அடிபடுவதற்கு முன்னாலேயே நுழைவது. பெரிய கிளப்கள் இன்று அதற்கென்று தனித்தனி நிபுணர்களை வைத்துக்கொள்கின்றன. பையன்கள் லீகில் அதெல்லாம் ஏது?

ருமேனியாவில் மைதான டாக்டர்கள் மறக்காத இரண்டு பெயர்கள் உண்டு, இரண்டுமே டினாமோ புக்காரெஸ்ட் அணிக்காரர்கள். கேப்டன் கட்டலின் ஹில்டான் 2000 அக்டோபரில் ஓல்டெனிட்சாவில் ஒரு நட்பு ஆட்டத்தில் விழுந்து இறந்தார், வயது 24. கேமரூன்காரரான பாட்ரிக் எகெங் 2016 மே 6 அன்று மாற்று ஆளாக இறங்கிய ஏழாவது நிமிடம் யாரும் மோதாமலே சரிந்தார், வயது 26. அங்கே நின்ற ஆம்புலன்சில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது பெரிய விசாரணையானது. இதயம் இப்படி நின்றால், மின் அதிர்ச்சி கொடுத்து அதை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் பெட்டி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் பத்து சதவீதம் குறைகிறது. அங்கே பயிற்சியாளரின் கருத்துக்கோ என் கருத்துக்கோ வேலையில்லை. பெட்டி பக்கத்தில் இருக்கிறதா, பேட்டரி வேலை செய்கிறதா, அவ்வளவுதான்.

அதனால் இப்போது ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிப் பயிற்சியாளர்களிடமும் போய்விடுகிறேன். பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டுவேன், ஆம்புலன்ஸ் வரும் கேட் திறந்திருக்கிறதா என்று கேட்பேன், தலையில் அடி என்றால் நான் சொல்வதுதான் முடிவு என்று சொல்லிவிடுவேன். முன்பே சொன்னால் தொப்பி தரைக்குப் போவது குறைகிறது. போன மாதம் ஒரு வயதான பயிற்சியாளர் முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்கள் பந்து ஆடியிருக்கிறீர்களா, டாக்டர்?” என்றார். கிரிக்கெட்தான் என்றேன். அது என்ன ஆட்டம் என்று விளக்கச் சொன்னார். எல்பிடபிள்யூ வரைக்கும் வந்தபோது நடுவர் விசில் ஊதிவிட்டார்.