ஒரு வரிசை

"அக்கா, நான் கிளம்பட்டுமா?" என்று எங்கள் தையல் யூனிட்டில் வேலை பார்த்த அவள் கேட்டபோது மணி மூன்றே முக்கால். "இந்த ஒரு வரிசைய முடிச்சிட்டுப் போயேன்" என்றேன். நடந்தது இவ்வளவுதான். 2011 டிசம்பர் 29. மறுநாள் விடியலில் தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியது.

'முடிச்சிட்டுப் போ' என்று சொல்லவில்லை, 'முடிச்சிட்டுப் போயேன்' என்றுதானே சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வருகைப் பதிவேட்டையும் சனிக்கிழமை கூலிக் கவரையும் கையில் வைத்திருப்பவள் எப்படிச் சொன்னாலும் கேட்கிறவள் காதில் ஒன்றாகத்தான் விழும்.

என் பக்கமும் இருக்கிறது. குவில்ட் என்னும் பஞ்சுப் போர்வை தைத்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். பாதி வரிசையில் விட்டு மறுநாள் வேறு கை தொட்டால் இழுப்பு மாறி, அந்த இடம் மட்டும் சுருங்கி நிற்கும். அவள் தையலில் அங்குலத்துக்கு எட்டு எண்ணலாம். அந்தக் கை வேறு யாருக்கும் இல்லை. ஜனவரி முதல் வாரம் அனுப்ப வேண்டிய சரக்கு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள்தான். கூண்டு ஏற்றித் தூறல்கூட விழாத நாட்களையும் பார்த்த ஊர் இது.

வரிசை முடிய ஐந்தாகிவிட்டது. அவள் ஊருக்குப் போகும் பஸ் வரவில்லை. வீட்டில் மாமியார் மட்டும். நாங்கள் நான்கு பேர் யூனிட்டிலேயே தங்கினோம்.

காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனதாகப் பின்னால் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்தது கூரை ஷீட் அடித்துக்கொண்ட சத்தமும் கதவிடுக்கில் வந்த தண்ணீரும்தான். சட்டத்தைத் தூக்கி வெட்டுமேசைமேல் வைத்து, தார்ப்பாய் போர்த்தி, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்படியும் ஒரு மூலை நனைந்து, சிவப்புத் துணி சாயம் விட்டு, வெள்ளையில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் திட்டு. இரவெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. மூலையையும் விடவில்லை.

வீட்டில் அவள் படுக்கிற இடத்தில்தான் தென்னை விழுந்திருந்தது. மாமியார் இருட்டில் பக்கத்து மாடிவீட்டுக்கு ஓடும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

"அக்கா நிறுத்தி வெச்சதாலதான் நீ பொழச்ச" என்று எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. கேட்கச் சுகமாகக்கூட இருந்தது. அவள் மட்டும் அதைச் சொல்லவில்லை. கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் ஜன்னலோரம் சட்டத்தைப் போட்டுப் பகலில் மட்டும் தைத்தோம். ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நான் போயிருந்தா இருட்டறதுக்கு முன்னாடியே கெழவிய அந்த மாடி வீட்டுல கொண்டு விட்டிருப்பேன்கா. நானும் அங்கயேதான் படுத்திருப்பேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரல். நான் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டேன்.

பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்த புயல் அது. அதில் ஒரு வரிசைத் தையலைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பது கூச்சமாகத்தான் இருக்கிறது. சரக்கு தாமதமாகும் என்று எழுதினேன். மெதுவாக அனுப்புங்கள், அவசரமில்லை என்று பதில் வந்தது. அதை 29ஆம் தேதி காலையிலேயே எழுதிக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

இப்போதெல்லாம் மழை என்று யார் கேட்டாலும் உடனே கிளம்பச் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் ஒரு சின்னப் பெண் கேட்டாள். "கிளம்பும்மா" என்றேன். சொல்வதற்கு முன்னால் என் கண் ஒரு தடவை சட்டத்துப் பக்கம் போய் வந்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இத முடிச்சிட்டே போறேன்கா" என்று ஊசியை எடுத்தாள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் நாலு தையல் போட்டிருந்தாள்.