மியூச்சுவல் விவாகரத்தில் சுலபமாகப் பிரிந்தோம், வீட்டுப் பத்திரம்தான் படுத்தியது

கோர்ட்டில் பெரிய சிரமமில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் குடும்ப நல நீதிமன்றம் பக்கம்தான். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார் கொடுத்து பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போட்டாயிற்று. மனு போட்ட பிறகு வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்பி எல்லோரும் ஆசைப்பட வேண்டாம். மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். எங்களுக்கு அது பொருந்தவில்லை.

வீடு இருவர் பெயரிலும் இருந்தது, கடனும் அப்படியே. "புருஷன் சொத்துல பாதி உனக்குத்தான்" என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்படியொரு சட்டம் இங்கே கிடையாது. பத்திரத்தில் என் பெயரும் இருந்ததால்தான் பேச இடமிருந்தது. அவர் பங்கை எனக்கு எழுதித் தருவது, மீதிக் கடனை நான் கட்டுவது என்று முடிவானது.

வீடு கடனுக்கு அடமானத்தில் இருந்ததால், பங்கை மாற்றச் சம்மதக் கடிதம் கேட்டு வங்கிக்குப் போனால், "டிகிரி வாங்கிட்டு வாங்க மேடம், அப்புறம் பாக்கலாம்" என்றார் அதிகாரி. டிகிரி என்றால் கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பாணை. பத்திர எழுத்தரோ தலையில் அடித்துக்கொண்டார். "டிகிரிக்கு முன்னாடியே அவர் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் போட்டுடும்மா. புருஷன் பொண்டாட்டியா இருக்கிற வரைக்கும் குடும்பச் சலுகை, முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுக்கும் உச்சவரம்பு இருக்கு. பிரிஞ்சுட்டா நீங்க யாரோ, அவர் யாரோ!"

மறுபடி வங்கி, மறுபடி அதே பதில். இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை. மனு நகல், என் சம்பளச் சீட்டு இரண்டையும் இணைத்துக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். "முடியாதுன்னா அதையும் எழுத்துல கொடுங்க சார்" என்றேன். வாயால் தாராளமாக மறுப்பவர்கள் பேனாவைக் கண்டால் யோசிக்கிறார்கள். ஃபைல் சட்டப் பிரிவுக்குப் போய், சம்மதமும் வந்தது. பத்திரப்பதிவு ஒரே காலையில் முடிந்தது.

பையன் என்னிடம்தான். ஐந்து வயதுக்குள் என்றால் பொதுவாக அம்மாவிடம். அவன் அதைத் தாண்டியவன், எந்த வயதிலும் குழந்தையின் நலனைத்தான் கோர்ட் பார்க்கும். ஒப்பந்தத்தில் "வார இறுதியில் அப்பா பார்க்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எந்த ஞாயிறு, எத்தனை மணி, எங்கே, முழுப்பரீட்சை லீவில் யாரிடம், ஃபீஸ் யார் கட்டுவது, பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து என்று எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். வக்கீல் சலித்துக்கொள்வார், பரவாயில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

இன்னொன்று. வீடு என் பெயருக்கு வந்தாலும் கடனில் அவர் பெயர் தானாகப் போகாது. கோர்ட் உத்தரவு வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவரை விடுவித்த கடிதம் வந்த பிறகே இரண்டாவது மோஷனுக்கு, அதாவது காத்திருப்பு முடிந்து சம்மதத்தை மறுபடி கோர்ட்டில் உறுதிசெய்ய, வருவேன் என்று அவர் நின்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கேட்டது நியாயம்தான்.