பத்து வருஷ வேலை, பாஸ்புக்கில் பாதி

அவசர அழைப்பு மையத்தில் ஒப்பந்த முறையில் இருப்பவர்கள் கவனத்துக்கு. டெண்டர் மாறும்போது சீட்டும் ஹெட்செட்டும் அப்படியே இருக்கும், பிஎஃப் கணக்கு எண் புதிதாகிவிடும். பழைய கணக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால், 58 வயதில் பென்ஷனுக்கு வேண்டிய 10 வருஷ சர்வீஸ் காகிதத்தில் தேறாது.

எனக்குக் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு), ஆதார் எல்லாம் சுலபமாக முடிந்தது. மாட்டியது, பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்கும் டிரான்ஸ்ஃபரில். பழைய கான்ட்ராக்டர் மார்ச் 31க்குப் பதில் ஏப்ரல் 30 என்று டேட் ஆஃப் எக்ஸிட் (வேலையை விட்ட தேதி) போட்டிருந்தார். புதியவர் கணக்கில் சேர்ந்த தேதி ஏப்ரல் 1. 'சர்வீஸ் ஓவர்லேப்' (ஒரே காலத்தில் இரண்டு வேலை) என்று ஒரே வரியில் ரிஜெக்ட். கவுண்டரில் இருந்தவர் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பழைய கம்பெனியில லெட்டர் வாங்கிட்டு வாங்க சார்" என்றார். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள் என்று சொன்னதற்கும் அதே பதில்.

கைகொடுத்தது ஒரு சுற்றறிக்கை. ஓவர்லேப் என்ற ஒரே காரணத்துக்காக டிரான்ஸ்ஃபரை நிராகரிக்கக் கூடாது என்று பிஎஃப்பை நடத்தும் இபிஎஃப்ஓ 2025 மே 20 அன்றே சொல்லிவிட்டது. அதை ரிஜெக்ட் ஆன கிளெய்ம் எண்ணோடு குறைதீர்ப்பு போர்ட்டலில் ஏற்றிய பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. வாயால் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டிரான்ஸ்ஃபர் ஆனபின் பாஸ்புக்கின் பென்ஷன் பத்தியில் பழைய தொகை வராது, பூஜ்ஜியம்தான் நிற்கும். பதறாதீர்கள், பென்ஷனைக் கணக்கிடுவது சர்வீஸை வைத்து. சர்வீஸ் ஹிஸ்டரியில் எல்லாக் கான்ட்ராக்டரும் வந்துவிட்டார்களா என்று பாருங்கள். 9 வருஷம் 6 மாதத்தையும் 10 என்றே எடுப்பார்கள்.

இரண்டு டெண்டருக்கு நடுவே கையில் காசில்லாதபோது படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தை எடுப்பதுதான் பெரிய வில்லங்கம். எடுத்ததோடு அந்த சர்வீஸ் போச்சு. அதே படிவத்தில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் (சர்வீஸுக்கான சான்று) கேளுங்கள், சர்வீஸ் தப்பிக்கும்.

இவ்வளவு அலைந்து கிடைப்பது எவ்வளவு? கடைசி 60 மாத சராசரிச் சம்பளத்தை (உச்சவரம்பு 15,000) சர்வீஸால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு அதிகபட்சம் 2,143 ரூபாய். ராத்திரி முழுக்க ஊரார் அலறலைக் கேட்டதற்கு இதுதானா என்றால், இதுதான். 20 வருஷம் முடித்தால் போனஸாக 2 வருஷம் சேர்ந்து 4,714 வரை போகும். அதனால்தான் ஒரு வருஷத்தைக்கூட விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

கடைசிப் பிஎஃப் கட்டி இரண்டு மாதமாகியும் கான்ட்ராக்டர் எக்ஸிட் தேதி போடாவிட்டால், இபிஎஃப்ஓ உறுப்பினர் போர்ட்டலில் 'மார்க் எக்ஸிட்' வழியாக நாமே போடலாம். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் வரும் தேதியாக இருக்கணும். ஒருமுறை போட்டால் அதே பக்கத்தில் திரும்ப மாற்ற முடியாது. புது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய தேதியாகப் பார்த்துப் போடுங்கள்.